மருந்து பாதி! கை பாதி!

நர்ஸ் படிப்பில் சொல்லித் தரும் மருந்துப் பாடம் நம் வீட்டுக்கும் வேண்டிய பாடம்

காலை 7 மணிக்குப் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள்.

கூட்டத்தில் சீருடை அணிந்த பெண்கள் பலர் நிற்பார்கள். தலையை இழுத்து வாரிக் கொண்டை போட்டிருப்பார்கள். பையில் பேனா இருக்கும். கையில் கடிகாரம் இருக்கும். அந்தக் கடிகாரத்தில் வினாடி முள் கட்டாயம் இருக்கும்.

வினாடி முள் எதற்கு? அழகுக்கு அல்ல. நாடி பார்க்க! மூச்சை எண்ண!

அவர்கள் நர்ஸ் படிப்பு மாணவிகள். இப்போது ஆண்களும் இந்தப் படிப்பில் சேருகிறார்கள். போரூரில் இருந்து தண்டலம் வரை பெரிய ஆஸ்பத்திரிகளும், நர்ஸ் கல்லூரிகளும் இருக்கின்றன. பூந்தமல்லியிலேயே அரசாங்கத்தின் பொது சுகாதாரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஆவடி, அம்பத்தூர், திருவள்ளூர் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இந்த வழியாகத்தான் படிக்கப் போகிறார்கள்.

இவர்கள் படிக்கும் பாடங்களில் மிகவும் பயமான பாடம் எது?

மருந்துப் பாடம்தான்!

டாக்டர் மருந்தை எழுதுகிறார். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். நோயாளியின் உடம்புக்குள் அதைச் செலுத்துவது யார்? நர்ஸ். அதற்குப் பிறகு திருத்த வழி இல்லை. எழுதியதை அடிக்கலாம். ஏற்றிய ஊசியைத் திரும்ப உறிஞ்ச முடியுமா?

அதனால்தான் நர்ஸ் கடைசிக் காவல்.

5 கேள்வி

மருந்தைத் தொடும் முன்பு நர்ஸ் தன்னைத் தானே 5 கேள்வி கேட்க வேண்டும்.

சரியான ஆள்தானா? சரியான மருந்துதானா? சரியான அளவா? சரியான வழியா? சரியான நேரமா?

இந்த 5-ம் சரி என்றால்தான் கொடுக்கலாம். ஒன்று இடறினாலும் நிறுத்த வேண்டும். கொடுத்த பிறகு உடனே குறித்து வைக்க வேண்டும். குறிக்காமல் போனால் அடுத்து வரும் நர்ஸ் இரண்டாவது முறை கொடுத்துவிடுவார்.

"சரியான ஆள்" என்பது லேசான காரியம் என்று நினைக்கிறீர்களா? இல்லை.

காது மந்தமான ஒரு பெரியவர் படுத்திருக்கிறார். "நீங்கள்தானே முருகேசன்?" என்று கேட்டால், அவர் தலையை ஆட்டிவிடுவார். அவர் பெயர் முனுசாமியாகக்கூட இருக்கலாம்! அதனால், "அய்யா, உங்கள் பெயர் என்ன? நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். கையில் கட்டிய அட்டையையும் பார்க்க வேண்டும்.

மருந்தின் பெயரை 3 தடவை படிக்க வேண்டும். எடுக்கும்போது ஒரு தடவை. ஊசியில் இழுக்கும் முன்பு ஒரு தடவை. குப்பியைக் கீழே வைக்கும்போது ஒரு தடவை.

"பார்த்தால் தெரியாதா?" என்று கேட்கலாம். தெரியாது! பல மருந்துகள் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒரே அளவுக் குப்பி. ஒரே நிறத் தண்ணீர். பெயரைப் படிக்காதவர் கண் இருந்தும் குருடர்.

கணக்குத் தெரியாதவர் நர்ஸ் ஆக முடியாது

மருந்துக் கொடுக்கக் கணக்கு வேண்டும். பெரிய கணக்கு அல்ல. பெருக்கலும் வகுத்தலும்தான். ஆனால் தப்பக் கூடாது.

ஜென்டாமைசின் என்று ஒரு கிருமிக் கொல்லி ஊசி இருக்கிறது. ஒரு குப்பியில் 2 மில்லி மருந்து. அதில் 80 மில்லிகிராம் சத்து. டாக்டர் 60 மில்லிகிராம் எழுதியிருக்கிறார். எவ்வளவு இழுக்க வேண்டும்?

வேண்டியதை இருப்பதால் வகுக்க வேண்டும். 60-ஐ 80-ஆல் வகுத்தால் முக்கால். 2 மில்லியில் முக்கால் பங்கு ஒன்றரை மில்லி. அதுதான் விடை.

பாட்டிலில் ஏற்றும் குளூக்கோசுக்கும் கணக்கு உண்டு. 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். சாதாரணக் குழாயில் 20 துளி சேர்ந்தால் 1 மில்லி. அப்படியானால் மொத்தம் 10,000 துளி. 4 மணி என்பது 240 நிமிடம். நிமிடத்துக்கு 42 துளி விழ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, சக்கரத்தைத் திருகி வைக்க வேண்டும்.

வினாடி முள் எதற்கு என்று இப்போது இன்னும் நன்றாகப் புரிகிறது அல்லவா?

சொட்டு மருந்தும் சிரப்பும்

இனி மருந்துகளைப் பார்ப்போம். முதலில் எல்லா வீட்டிலும் இருக்கும் மருந்து. பாரசிட்டமால்!

காய்ச்சலுக்கும் வலிக்கும் கொடுக்கிறோம். நல்ல மருந்துதான். ஆனால் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். பெரியவர்கள்கூட 500 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளில் 8-க்கு மேல் தொடவே கூடாது. குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

குழந்தைகளுக்கு வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து அளவு. ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. குழந்தைகளுக்கான பாரசிட்டமால் பல விதமாக விற்கிறது. ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். இன்னொரு சிரப்பில் அதே 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்திலோ ஒரே ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம்!

10 கிலோ எடையுள்ள குழந்தை. முதல் சிரப்பில் 5 மில்லி கொடுத்தால் சரியான அளவு. சொட்டு மருந்தை அதே 5 மில்லி கொடுத்தால்? 500 மில்லிகிராம்! பெரிய ஆள் போடும் ஒரு முழு மாத்திரை அந்தப் பச்சை வயிற்றுக்குள் போய்விடும்.

அதனால் நர்ஸ் மாணவிக்குச் சொல்லித் தருவது இது: "எத்தனை மில்லி என்று கேட்காதே. எத்தனை மில்லிகிராம் என்று கேள்."

தாய்மார்களுக்கும் இதே பாடம்தான். சமையல் கரண்டியால் மருந்து அளக்காதீர்கள். பாட்டிலோடு வரும் மூடியால் அளந்து கொடுங்கள்.

தாய்மார்கள் ஏற்றிய உப்புத் தண்ணீர்

அடுத்து, விலை மலிவான மருந்து. ஆனால் எண்ண முடியாத உயிர்களைக் காப்பாற்றிய மருந்து. ஓ.ஆர்.எஸ். பொடி!

1971-ம் ஆண்டு. வங்காள தேசப் போர். அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் உப்பு நீர் தீர்ந்து போனது.

அங்கே இருந்தவர் திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர். அவர் உப்பு, சோடா உப்பு, குளூக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கலந்தார். பீப்பாய்களில் ஊற்றி வைத்தார். "வாய் வழியாகக் கொடுங்கள்" என்றார். கொடுத்தது யார்? நோயாளியின் தாயும் தந்தையும் அண்ணனும் தங்கையும்தான். அங்கே அவர்கள்தான் நர்ஸ்!

அதற்கு முன்பு அந்த முகாமில் நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்தார்கள். இந்தத் தண்ணீரைக் குடித்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 4-க்கும் குறைவு. மகலனாபிஸ் 2022-ல் காலமானார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இந்தப் பொடியிலும் அளவு உண்டு. பெரிய பொட்டலம் 1 லிட்டர் தண்ணீருக்கு. முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று போடக் கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. குறைந்தால் பலன் இல்லை. கரைத்த தண்ணீரை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

சிவப்பு மாத்திரையின் கதை

கர்ப்பிணிகளுக்குக் கிராம சுகாதார நர்ஸ் ஒரு சிவப்பு மாத்திரை கொடுக்கிறார். அதில் இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் இருக்கின்றன.

அந்தப் போலிக் அமிலத்துக்கும் நம் நாட்டுக்கும் உறவு உண்டு. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய லேடி டாக்டர் பம்பாய்க்கு வந்தார். மில் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் ரத்தம் வற்றிச் சாவதைப் பார்த்தார். ஈஸ்டில் இருந்து எடுத்த சத்தைக் கொடுத்தார். ரத்தம் ஊறியது! அந்தச் சத்துக்குள் இருந்தது போலிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது. 1940-களில் அமெரிக்காவில் அதைச் செயற்கையாகச் செய்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்!

"மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது. பயமாக இருக்கிறது, அக்கா" என்று கர்ப்பிணிகள் சொல்வார்கள். பலர் பயந்து மாத்திரையைப் பரணில் போட்டுவிடுவார்கள். கறுப்பாகப் போவது இரும்பினால்தான். பயம் வேண்டாம் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

டீ, காப்பியோடு போடக் கூடாது. இரும்பை உடம்பு இழுக்காது. எலுமிச்சைச் சாறு நல்லது. கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் போடக் கூடாது.

பிரசவ அறையில் 2 ஊசி

பிரசவ அறையில் வேலை பார்க்கும் நர்ஸ் 2 ஊசிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

ஒன்று ஆக்சிடோசின். குழந்தை பிறந்ததும் தாய்க்கு ரத்தம் கொட்டும். கர்ப்பப்பை சுருங்கினால் ரத்தம் நிற்கும். சுருங்க வைப்பது இந்த ஊசி. குழந்தை பிறந்து ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் சதையில் போட வேண்டும்.

ஆனால் அதற்கு முன்பு தாயின் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏன்? உள்ளே இன்னொரு குழந்தை இருக்கலாம்! இரட்டைப் பிள்ளை என்று தெரியாமல் ஊசி போட்டால், உள்ளே இருக்கும் குழந்தை நசுங்கும். கர்ப்பப்பையே கிழியலாம். ஒரு நிமிடத்துக்கு முன்பு விஷம். ஒரு நிமிடத்துக்குப் பின்பு அமுதம். மருந்து ஒன்றுதான், நேரம்தான் வேறு.

இந்த ஊசி மருந்து குளிர்ப் பெட்டியில் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் வீரியம் போய்விடும்.

இன்னொன்று மக்னீசியம் சல்பேட். சில கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறும். தலை இடிக்கும். கண் மங்கும். பிறகு வலிப்பு வரும். தாயும் பிள்ளையும் சேர்ந்தே போகும் ஆபத்து அது. அந்த வலிப்பை நிறுத்தும் மருந்து இதுதான். மற்ற வலிப்பு மருந்துகளைவிட இதுவே மேல் என்று 1995-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. பல நாடுகள் சேர்ந்து நடத்திய அந்த ஆராய்ச்சியில் இந்திய ஆஸ்பத்திரிகளும் பங்கு கொண்டன.

இது அளவு கூடினால் மூச்சை நிறுத்திவிடும். அதனால் ஒவ்வொரு ஊசிக்கும் முன்பு நர்ஸ் 3 சோதனை செய்ய வேண்டும். முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுகிறதா? நிமிடத்துக்கு 16 மூச்சாவது விடுகிறாளா? மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் போகிறதா? மூன்றும் இருந்தால்தான் அடுத்த ஊசி. கட்டில் பக்கத்திலேயே கால்சியம் குளூக்கோனேட் ஊசி தயாராக இருக்க வேண்டும். அதுதான் மாற்று மருந்து.

ஒரே இன்சுலின், 2 குப்பி

இப்போது சர்க்கரை வியாதி இல்லாத தெரு உண்டா? இன்சுலின் போடாத தெருதான் உண்டா?

1921-ல் கனடா நாட்டில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்து எடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதலில் போட்டார்கள். அதுவரை அந்த வியாதி வந்த பிள்ளைகளுக்குச் சாவுதான் முடிவு. பையன் பிழைத்தான்!

நம் நாட்டில் இன்சுலின் 2 விதமாகக் கிடைக்கிறது. ஒரு குப்பியில் 1 மில்லிக்கு 40 யூனிட். இன்னொரு வகையில் 1 மில்லிக்கு 100 யூனிட். ஊசிக் குழாயும் 2 விதம். 40-க்கு உரியதற்குச் சிவப்பு மூடி. 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி.

மாற்றி எடுத்தால் என்ன ஆகும்? டாக்டர் 20 யூனிட் எழுதியிருக்கிறார். 100 யூனிட் மருந்தை 40-க்கு உரிய குழாயில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட்! இரண்டரை மடங்கு! ரத்தத்தில் சர்க்கரை சடாரென்று விழும். வியர்க்கும். கை நடுங்கும். பேச்சுக் குழறும். மயக்கம் வரும்.

அதே போல 40 யூனிட் மருந்தை 100-க்கு உரிய குழாயில் இழுத்தால், போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது. "மருந்து சரி இல்லை" என்று டாக்டரைத் திட்டுவோம்!

குப்பியில் எழுதிய எண்ணும், குழாயில் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டில் அப்பாவுக்கு ஊசி போடும் மகளும், மாமியாருக்குப் போடும் மருமகளும் இதை மறக்கக் கூடாது.

போட்ட பிறகு நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். மயக்கம் வரும் போல இருந்தால், நினைவு இருக்கும்போதே 3 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி!

தொழிற்சாலையும் வயல்காடும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடி டாங்கித் தொழிற்சாலைப் பக்கத்திலும் இரும்பு வேலை அதிகம். கையைக் கிழித்துக் கொள்பவர்களும் உண்டு. "ஒரு டி.டி. ஊசி போட்டுவிடுங்கள், சிஸ்டர். சீக்கிரம் ஆறிவிடும்" என்பார்கள்.

அந்த ஊசி புண்ணை ஆற்றாது! வில்வாத நோய் வராமல் தடுக்கும். அவ்வளவுதான். புண்ணை ஆற்றுவது முதலில் சோப்பும் தண்ணீரும். நன்றாகக் கழுவ வேண்டும்.

ஆவடியைத் தாண்டிப் போனால் வயலும் ஏரிக்கரையும். அங்கே பாம்பு பயம். நம் நாட்டு விஷ முறிவு ஊசி 4 பாம்புகளுக்கு உரியது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் நம் இருளர் மக்களும் இருக்கிறார்கள். 1978-ல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது.

இந்த ஊசியில் ஓர் அதிசயம். மற்ற மருந்துகளைக் குழந்தைக்குக் குறைத்துக் கொடுப்போம். இதைக் குறைக்கக் கூடாது! ஏன்? பாம்பு, "குழந்தைதானே" என்று விஷத்தைக் குறைத்துக் கக்குமா? விஷத்தின் அளவுக்குத்தான் மருந்து. உடம்பின் அளவுக்கு அல்ல.

அட்ரினலின் எங்கே?

பெனிசிலின் போன்ற ஊசிகளும், பாம்புக்கடி ஊசியும் சிலர் உடம்புக்கு ஒத்துக் கொள்ளாது. உடம்பு தடிக்கும். தொண்டை அடைக்கும். நாடி விழும். சில நிமிடங்களில் உயிரே போகலாம்.

அப்போது காப்பாற்றுவது அட்ரினலின். தொடைச் சதையில் உடனே போட வேண்டும். மற்ற ஊசியெல்லாம் அதற்குப் பிறகுதான். "அட்ரினலின் தட்டில் இல்லாமல் பெனிசிலினைத் தொடாதே" என்பது நர்ஸ் பாடம்.

நோயாளியின் பாடம் என்ன? "எனக்கு முன்பு ஓர் ஊசி ஒத்துக் கொள்ளவில்லை" என்று கேட்காமலே சொல்ல வேண்டும். ஊசி போட்டதும் எழுந்து ஓடக் கூடாது. அரை மணி நேரம் உட்கார்ந்து போக வேண்டும்.

இன்னொரு குப்பியும் உண்டு. பொட்டாசியம் குளோரைடு. பார்த்தால் தண்ணீர்! பேதியில் இழந்த சத்தை ஈடு செய்யும் நல்ல மருந்து. பெரிய பாட்டிலில் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டும். கலக்காமல் நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். அதனால் இதைத் தனியாக, சிவப்புச் சீட்டு ஒட்டிப் பூட்டி வைக்கச் சொல்கிறார்கள்.

இதயத்துக்குக் கொடுக்கும் டிஜாக்சின் மாத்திரையும் நாடி பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரைக் கேட்க வேண்டும்.

சேத்துப்பட்டு சொன்ன உண்மை

மருந்து மட்டும் போதுமா? கொடுக்கும் கையும் கவனிக்கும் கண்ணும் வேண்டுமா? இதற்குச் சென்னையே உலகத்துக்குப் பதில் சொன்னது.

பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாக நகருக்குள் போனால், கீழ்ப்பாக்கத்தை அடுத்து சேத்துப்பட்டு. அங்கே 1956-ல் காச நோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கின. இன்று அது தேசியக் காச நோய் ஆராய்ச்சி நிலையம்.

அந்தக் காலத்தில் காச நோய் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக் கணக்கில் படுக்கை. ஏழைக்கு இது நடக்குமா? எல்லாருக்கும் கட்டில் எங்கே?

ஆராய்ச்சிக்காரர்கள் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போனது. இன்னொரு பிரிவு வீட்டிலேயே இருந்தது. இரு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஐசோனியசிட், பி.ஏ.எஸ். ஓராண்டு கொடுத்தார்கள்.

வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான வீடுகளில் இருந்த ஏழைகள். சாப்பாடும் குறைவு. ஆனால் அவர்களைச் சும்மா விடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். மிச்சம் இருக்கும் மாத்திரையை எண்ணினார்கள். மருந்து உள்ளே போனதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள்.

1959-ல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர் நோய் அடங்கி நலம் பெற்றார்கள். வீட்டில் நூற்றுக்கு 86 பேர்! வித்தியாசம் மிகக் குறைவு. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் பரவவும் இல்லை.

உலகமே திரும்பிப் பார்த்தது. காச நோய்க்கு மாளிகை வேண்டாம், மருந்தை விடாமல் சாப்பிட்டால் போதும் என்று தெரிந்தது.

இன்று மருந்து மாறிவிட்டது. ரிபாம்பிசின் வந்துவிட்டது. சாதாரணக் காச நோய் 6 மாதத்தில் குணமாகிறது. ஆனால் பாடம் மாறவில்லை. 2 மாதத்தில் இருமல் நின்றுவிடும். எடை கூடும். "குணமாகிவிட்டதே!" என்று மாத்திரையை நிறுத்துவார்கள். அங்கேதான் தப்பு! சாகாத கிருமி மீண்டும் எழும். இந்தத் தடவை மருந்துக்கு அடங்காது.

ரிபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். ரத்தம் என்று பயப்படுவார்கள். பயந்து நிறுத்துவார்கள். "நிறம் மருந்தினால்தான், அண்ணா. நிறுத்தாதீர்கள்" என்று நர்ஸ் சொன்னால் ஓர் உயிர் பிழைக்கும். அந்த ஒரு வார்த்தையும் மருந்துதான்!

நீங்கள் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் 2021-ல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கும் திட்டம் அது. மருந்து வாசலுக்கு வந்துவிட்டது. வாசலைத் தாண்டி வாய்க்குள் போவது உங்கள் கையில்!

சில காரியங்களை நினைவில் வையுங்கள்:

* சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். "வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

* ஒரே மருந்து இரண்டு பெயரில் வரும். அட்டையில் மருந்தின் உண்மைப் பெயரும் இருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

* நீர் பிரிய எழுதிய மாத்திரையைக் காலையில் போடுங்கள். இரவில் போட்டால் தூக்கம் கெடும். வயதானவர்கள் இருட்டில் எழுந்து விழுவார்கள்.

* நர்ஸ் மாத்திரை கொடுக்கும்போது, "இது எதற்கு, அம்மா?" என்று கேளுங்கள். நல்ல நர்ஸ் கோபிக்க மாட்டார். பதில் சொல்வார்.

* நர்ஸ் மருந்து அளக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு நிமிடம் அவர் கணக்குப் போடும் நேரம்.

வேலூரில் 1909-ல் ஐடா ஸ்கடர் நர்ஸ் பள்ளி தொடங்கினார். பெண்ணை வெளியே அனுப்பவே தயங்கிய காலம் அது. இன்று ஊருக்கு ஊர் நர்ஸ் இருக்கிறார். உலகம் முழுவதும் நம் பெண்கள் நர்ஸ் வேலை பார்க்கிறார்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். அந்த அளவை அறிந்தவர்தான் நர்ஸ். உங்கள் வீட்டுப் பெண் நர்ஸ் படிக்கிறாளா? இரவில் விளக்கைப் போட்டு மருந்துப் பெயரை உருப்போடுகிறாளா? "போதும், படு" என்று சொல்லாதீர்கள்.

ஒரு டம்ளர் பால் கொடுங்கள். படிக்கட்டும்!